மணி அடித்தால் வேலை மாறும்

மாஸ்டர் விட்ட கொட்டாவி முடி வெட்டிக்கொள்ள நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சருக்கும் தொற்றியது. டீச்சர் வாயைத் திறந்தார், தலை ஆடியது, கத்தரி தவறியது. நெற்றியில் அழகாகப் படிந்திருக்க வேண்டிய முன்முடி கொத்தாக மடியில் வந்து விழுந்தது.

“ஐயையோ!”

“இப்போ இதுதாம்மா ஸ்டைலு,” என்றார் மாஸ்டர். சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு கொட்டாவி.

கல்லாவில் நின்றிருந்த அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அக்காதான் அந்த அழகு நிலையத்தின் முதலாளி. கடையில் எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிட வயதில் மூத்த மாஸ்டருக்கும் அக்காதான். ரயில் பெட்டி மாதிரி நீளமான, குறுகலான கடை அது. மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, கடைசியில் தலை அலசும் தொட்டி, அதற்கு மேலே சுவரில் ஒரே ஓர் ஏசி.

மாஸ்டர் முடி வெட்டுவார்; வேறு எதையும் தொடமாட்டார். தலை அலசுகிறவனுக்கு எந்நேரமும் முழங்கை வரை நுரை இருக்கும் என்பதால் பெயரே நுரை ஆகிவிட்டது. கை நகம், கால் நகம் பார்த்து, தலைக்குச் சாயமும் போடுகிற பெண்ணை நகம் என்று கூப்பிட்டார்கள். வாசல் மேசையில் போன் எடுக்கிறவள் ஹலோ. அவள் தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதும் ஹலோ என்பாள் என்று நுரை சொல்வான். அவனுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆளுக்கு ஒரு வேலை. தினமும் அதே வேலை. காலையில் கலகலவென்று இருக்கிற கடை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஈரத்துண்டு மாதிரி துவண்டுவிடும்.

துவண்டு கிடக்கிற நேரமா இது? கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். அடுத்த தெருவில் புதிதாகத் திறக்கப் போகும் ஹோட்டலில் அழகு நிலையத்துக்கென்று கீழ்த்தளத்தில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்துக்கு அக்காவும் ஆசைப்பட்டாள்; எதிர்வரிசையில் கண்ணாடிக்கதவு போட்ட இன்னொரு அழகு நிலையக்காரரும் ஆசைப்பட்டார். அது கைவிட்டுப் போனால் ஐந்து பேரும் ஐந்து திசையில் பிரிய வேண்டியதுதான். இந்த வயதில் மாஸ்டரை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

டீச்சரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. காலையில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஊருக்கே கேட்கும்படி போனில் ஓடவிட்டிருந்த பேச்சு. ‘ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்தால் மூளை தூங்கிவிடும். அவ்வப்போது வேலையை மாற்றிச் செய்யுங்கள். அலுப்பு ஓடிவிடும், உற்சாகம் ஓடிவரும்!’ மீதியைக் கேட்பதற்குள் அவள் இறங்குமிடம் வந்துவிட்டது.

“மாஸ்டர், கத்தரியை வைங்க. கொஞ்ச நேரம் துண்டு மடிங்க.”

“நானா?”

“நீங்கதான். நுரை, நீ போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்து. நகம், எழுந்திரு, கண்ணாடியைத் துடை. ஹலோ, நீ போனை விட்டுட்டுப் பெருக்கு.”

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஓர் அதிசயம் நடந்தது. மாஸ்டர் துண்டுகளைக் கோபுரமாக அடுக்கி, தள்ளி நின்று ரசித்தார். நுரை செடியோடு பேசினான். கண்ணாடி துடைத்த நகம் தன் முகத்தைப் பார்த்து, “பரவாயில்லையே!” என்றாள். பழைய வேலைக்குத் திரும்பியபோது எல்லார் கையிலும் புது வேகம். சாயங்காலம் வந்த ஒரு தாத்தாவுக்கு மாஸ்டர் வெட்டிய வெட்டில் அவர் தன் மருமகன் வயசுக்கு இறங்கிவிட்டார்.

இத்தோடு அக்கா நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

“துண்டு மடிச்சதுக்கே இப்படின்னா, வேலையையே மொத்தமா மாத்திக்கிட்டா எப்படி இருக்கும்!” என்றாள். “நாளையிலிருந்து மேசை மணியை டிங்குன்னு அடிப்பேன். அடிச்சா அவங்கவங்க வேலையைப் பக்கத்துல இருக்கிறவங்ககிட்டக் குடுத்துடணும்.”

“அக்கா, எனக்கு வெட்டத் தெரியாதே,” என்றான் நுரை.

“தினமும் பாக்குறல்ல?”

“பின்னாடி திரும்பி நின்னு அலசுறேன்க்கா.”

“கண்ணாடியில பாத்திருப்ப.”

அதே சூட்டோடு ஹோட்டல் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண்.

“எங்க கடையில யாரும் ஒரே வேலையில உக்காந்து தூங்கமாட்டாங்க மேடம். மாத்தி மாத்திச் செய்வோம். சும்மா பறக்கும்! உங்க சாரை ஒரு நடை வந்து பாக்கச் சொல்லுங்க. பாக்கிறது என்ன, கலந்துக்கவே சொல்லுங்க!”

“சொல்றேன். நாளைக்கு மத்தியானம் அந்தப் பக்கம் வருவாரு. தனியாத்தான் வருவாரு, ஆர்ப்பாட்டம் பிடிக்காது.”

அக்கா அன்றைக்குச் சாப்பிட்டது என்ன என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் மணி டிங்கென்றது. நுரை கத்தரியைப் பிடித்தான். மாஸ்டர் தொட்டிக்குப் போனார். நகம் வாசல் மேசைக்கு வந்தாள். ஹலோ நகவெட்டியையும் சாயக்கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டாள்.

முதலில் எல்லாம் ஜோர்தான். சிரிப்பும் கூச்சலுமாகக் கடை குலுங்கியது. வாசலுக்கு வந்த நகம் வரவேற்பு என்பதைத் தன் பழைய வேலை மாதிரியே நினைத்தாள். வருகிறவர்களின் கையைப் பிடித்தாள், பிடித்ததும் விடவில்லை. உள்ளே இழுத்துவந்து எங்கே காலியோ அங்கே உட்கார வைத்தாள். தலை அலச வந்தவருக்குக் கால் நகம் வெட்டப்பட்டது. அவர், “நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அழுக்குத் தலையோடு போனார்.

சிக்கல் தொட்டியில் ஆரம்பித்தது. மாஸ்டருக்குக் கத்தரி பிடித்த கை. தண்ணீர்க் குழாயையும் கத்தரி மாதிரியே இரண்டு விரலால் பிடித்தார். குழாய் பாம்பாகத் துள்ளி மேலே பாய்ந்து, ஏசியின் வாய்க்குள் நேராகத் தண்ணீரைப் பீய்ச்சியது.

ஏசி இருமியது, கரகரத்தது, அப்புறம் நின்றேவிட்டது.

“மாஸ்டர்!”

“அதுவும் ஒரே வேலையைச் செஞ்சு அலுத்துப்போச்சு போலக்கா,” என்றார் மாஸ்டர், முகத்தில் தண்ணீர் சொட்ட.

ஹோட்டல்காரர் வருகிற நேரம். கடை அடுப்பாகக் கொதிக்கத் தொடங்கியது. அக்கா ஏசி ஸ்விட்சை அணைத்துவிட்டு, கம்பெனிக்குப் போன் போட்டு, கெஞ்சி, மெக்கானிக்கை உடனே அனுப்பச் சொன்னாள். பின்கட்டிலிருந்து ஏணியைக் கொண்டுவந்து சுவரோரம் சாத்தினாள். தரையில் குளமாக நின்ற தண்ணீரைத் துடைக்கப் பழந்துணி எடுக்க மறுபடி பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே அலமாரி திறக்கவில்லை. மல்லுக்கட்டித் திறந்து, துணியோடு திரும்பி வந்தால், ஏணி மேல் ஓர் ஆள் ஏறி நின்றிருந்தார். தலை ஏசிக்கு அந்தப் பக்கம். தெரிந்ததெல்லாம் கசங்கிய சட்டையின் முதுகுதான்.

“மெக்கானிக் வந்தாச்சா?”

“வந்தாருக்கா!” என்றாள் நகம் பெருமையாக. “ஏதோ சொல்ல வாயைத் திறந்தாரு. பேசுறதுக்கு நேரமில்ல, முதல்ல வேலையைப் பாருங்கன்னு கையைப் புடிச்சு ஏத்திட்டேன். ரொம்ப சந்தோஷமா ஏறினாரு.”

“சபாஷ்!”

அக்கா நிம்மதியாக மூச்சுவிட்டு முடிக்கவில்லை. வாசலில் ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ, கையில் தடித்த கறுப்புப் பை. தனியாகத்தான் வந்திருந்தார். உள்ளே வந்ததும் யாரையும் பார்க்காமல் சுவர், கூரை, மூலை முடுக்கெல்லாம் கண்ணை ஓட்டினார். எடை போடுகிற பார்வை. அக்கா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்!”

“லேட்டாயிடுச்சோ? வழியெல்லாம் நெரிசல். என்ன, இவ்வளவு புழுக்கமா இருக்கு?”

“இதோ சரியாயிடும் சார்.” ஏணிப் பக்கம் கையைக் காட்டினாள். “அவரு பாத்துக்கிட்டிருக்காரு.”

வந்தவர் நிமிர்ந்து ஏணியைப் பார்த்தார். ஏணி மேலிருந்த ஆள் ஏசியின் தலையை மெல்லத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓ. வேற ஆளே வந்துட்டாரா?” என்றார் வந்தவர். “அப்போ எனக்கு என்ன வேலை?”

“உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல சார்! நீங்க உக்காந்தா போதும். நாங்க பாத்துக்கிறோம். எங்க கைவண்ணத்தை உங்க தலையிலேயே பாருங்களேன்!”

“என் தலையிலயா? சும்மாவா?”

“சும்மாதான் சார்!”

அவர் ஒரு நிமிஷம் நாற்காலியைப் பார்த்தார். மெத்தென்ற நாற்காலி. பிறகு சிரித்துக்கொண்டே உட்கார்ந்து காலை நீட்டினார். அக்கா பையை வாங்கி ஓரமாக வைத்தாள். கை இற்றுவிடும் போலக் கனத்தது. கோப்புகளாக இருக்கும்.

நுரை கத்தரியோடு நெருங்கினான். வலது பக்கம் கொஞ்சம் வெட்டினான். இடது பக்கம் நீளமாகத் தெரிந்தது. இடதைக் குறைத்தான். இப்போது வலது நீளம். வலதைக் குறைத்தான்.

“நுரை, போதும்!” என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

“சமமா வந்துடும்க்கா, இன்னும் ஒரே ஒரு வெட்டு!”

அந்த ஒரே வெட்டில் காதுக்கு மேலே ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்தது.

“கலர் போட்டுட்டா தெரியாதுக்கா,” என்றாள் ஹலோ. அவளுக்கும் கை துறுதுறுவென்றிருந்தது. இரண்டு டியூபைக் கிண்ணத்தில் பிதுக்கி, கலக்கி, “ஹலோ சார்!” என்று சொல்லிக்கொண்டே அப்பினாள். கடையில் இருந்த சூட்டில் சாயம் நிமிஷத்தில் பிடித்துக்கொண்டது. கழுவிப் பார்த்தால் பழுத்த பப்பாளி நிறம்.

நல்லவேளையாக அவர் கண்ணை மூடி அனுபவித்துக்கொண்டிருந்தார். திறந்தால் எதிரே கண்ணாடி. அக்கா பாய்ந்து போய் இரண்டு வெள்ளரித் துண்டை எடுத்து அவர் கண்கள் மேல் வைத்தாள்.

“குளிர்ச்சி சார். எடுத்துடாதீங்க.”

“ஆகா,” என்றார் அவர்.

“மாஸ்டர்! முகத்துக்கு ஏதாவது பூசுங்க, கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும்!”

மாஸ்டர் முகப்பூச்சைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடித்தார். புழுக்கத்தில் அது காய்ந்து ஓடாக இறுகியது. நாற்காலியில் இருந்தவர் சிரிக்கப் பார்த்தபோது கன்னத்தில் விரிசல் விட்டது.

அந்த நேரம் பார்த்து ஏணி மேலிருந்து குரல் வந்தது.

“இது எப்படிங்க திறக்கும்?”

அக்காவுக்குச் சுர்ரென்றது. “கேக்குற கேள்வியைப் பாரு! உங்களுக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?”

“புது ஆள் போலக்கா,” என்றாள் நகம்.

நாற்காலியிலிருந்து, வெள்ளரிக்குக் கீழே இருந்து, அமைதியாகப் பதில் வந்தது. “ரெண்டு ஓரத்துலயும் சின்னதா ஒரு பள்ளம் இருக்கும் சார். விரலை விட்டு மூடியை மேல தூக்குங்க.”

டக். மூடி திறந்தது.

“திறந்துடுச்சு!” என்று ஏணிக்காரர் சின்னப்பிள்ளை மாதிரி கூவினார். “அடேயப்பா, உள்ள ஒரு வலை இருக்கு. வலை பூரா முடி! ஒரு பூனை செய்யலாம்!”

“அதை உருவிக் கீழ குடுங்க, கழுவட்டும். அப்புறம் ஹேர் டிரையரை வாங்கி, சூடு வெக்காம வெறும் காத்தா அடிச்சு உள்ள ஈரத்தைக் காய வைங்க. ஏசி ஸ்விட்சை யாரும் தொடாதீங்க, அணைஞ்சே இருக்கட்டும். டிரையரை வேற பிளக்குல சொருகுங்க.”

அக்கா மெய்சிலிர்த்துப் போனாள். ஒரு ஹோட்டலைக் கட்டி ஆள்கிறவர் என்றால் சும்மாவா? கண்ணை மூடிக்கொண்டே ஏசியைப் பழுது பார்க்கச் சொல்லித் தருகிறாரே! அப்படிப்பட்டவர் தலையில் பப்பாளி.

கடையில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். நுரையின் கண் கலங்கியிருந்தது. மாஸ்டர் கையில் பூச்சுக் கிண்ணத்தோடு குற்றவாளி மாதிரி நின்றார்.

“அக்கா, நான் வேணும்னா என் கத்தரியை எடுத்துக்கட்டுமா?” என்றார் மெதுவாக.

அக்கா அவர் கையைப் பார்த்தாள். குழாயோடு மல்லுக்கு நின்றதில் கட்டைவிரல் வீங்கியிருந்தது.

கடை தொடங்கிய நாளில் வெட்டியது அவள்தான். மாஸ்டர் வந்த பிறகு கல்லா, போன், சண்டை தீர்ப்பு என்று காலம் போய், கத்தரியைத் தொட்டே வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது அதை எடுத்தாள். முதல் வெட்டு தயங்கி விழுந்தது. இரண்டாவது நேராக விழுந்தது. மூன்றாவதில், எங்கோ தொலைத்த ஒன்று திரும்பக் கிடைத்த மாதிரி விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. சாயம் பிடித்த நுனியெல்லாம் உதிர்ந்தன. ஒற்றையடிப் பாதை மறைய இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டி, மேலே மட்டும் கொஞ்சம் விட்டு நிமிர்த்தினாள். நுரை ஓடிவந்து அலசினான். யாரும் மணி அடிக்கவில்லை. நகம் வெந்நீரில் நனைத்த துணியால் முகப்பூச்சை ஊறவைத்து உரித்தாள். மாஸ்டர் வாயைப் பிளந்து பார்த்தார்.

“அக்கா, இப்படி வெட்டத் தெரிஞ்ச கையை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் சில்லறை எண்ணுனீங்க?”

அக்காவுக்குக் காது வரைக்கும் சிரிப்பு.

“காய்ஞ்சிருச்சு!” என்று ஏணி மேலிருந்து கத்தல். “வலையும் மாட்டியாச்சு! இனி?”

“மூடியை அமுக்குங்க,” என்றது நாற்காலி. “யாராவது ஏசி ஸ்விட்சைப் போடுங்க.”

ஹலோ ஓடிப்போய்ப் போட்டாள். ஒரு விநாடி எதுவும் நடக்கவில்லை. பிறகு ஏசி முனகியது, தொண்டையைச் செருமியது, குப்பென்று ஒரு குளிர்காற்றைக் கடை முழுக்க ஊதியது.

“ஓடுது! ஓடுது!” ஏணிக்காரர் அங்கேயே குதித்தார். நுரை ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டான். “நான்தான் ஓட வெச்சேன்! என் வாழ்க்கையில ஒரு ஸ்க்ரூகூட முடுக்கினதில்ல, நான் ஓட வெச்சிருக்கேன்!”

“இவரை எந்தக் கம்பெனியில வேலைக்கு வெச்சாங்க?” என்றாள் நகம்.

ஆனாலும் எல்லாரும் கை தட்டினார்கள். ஹலோ விசில் அடித்தாள். அந்தக் குளிர்ந்த காற்றில், அந்தக் கூச்சலுக்கு நடுவே, அக்கா நாற்காலிக்காரரின் கண்ணிலிருந்து வெள்ளரித் துண்டுகளை எடுத்தாள்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். உச்சந்தலையைத் தடவினார்.

“இது நானா?”

“பிடிக்கலையா சார்?”

“வீட்டுல உள்ள விடுவாளான்னு யோசிக்கிறேன். பத்து வயசு கொறைச்சுட்டீங்களே!”

அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. போர்வைத் துணியை உதறி எடுத்தாள். இரண்டு கையையும் கூப்பாத குறையாகக் கேட்டாள்.

“நடுவுல கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிடுச்சு சார், மறைக்கல. ஆனா எங்க ஆளுங்க தங்கம். எங்களைப் பிரிச்சிடாதீங்க. உங்க ஹோட்டல்ல அந்த இடத்தை எங்களுக்குத் தருவீங்களா?”

அவர் எழுந்து, தன் கறுப்புப் பையைத் திறந்து, ஒரு ஸ்பேனரை எடுத்து ஏணிப் பக்கம் நீட்டிக் காட்டினார்.

“ஹோட்டலா? நான் ஏசி ரிப்பேருக்கு வந்தவன்மா. நீங்க கேக்குற சாரு, நான் சொல்லச் சொல்ல அதோ அங்க நின்னு என் வேலையை முடிச்சிட்டுக் குதிச்சுக்கிட்டிருக்காரே, அவராத்தான் இருக்கும்.”